அழித்த பிறகு ஓடிய தூரம்

காலையில் அந்த விளக்கு எரியவில்லை.

நர்ஸ் சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் இருந்த எல்லா விளக்குகளும் ஒரு தடவை எரிந்தன. எஞ்சின் கிளம்பியதும் ஒவ்வொன்றாக அணைந்தன. நேற்று மாலை வீடு வரைக்கும் அவளைத் துரத்தி வந்த மஞ்சள் விளக்கு, எஞ்சின் படம் போட்ட அந்தச் சின்ன விளக்கு, இருந்த இடமே தெரியவில்லை.

பக்கத்து சீட்டில் அவளுடைய கணவர். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். தப்பாக விடை எழுதிய பிள்ளையைத் திட்டாமல், அதுவே உணர்ந்து திருத்திக்கொள்ளட்டும் என்று காத்திருக்கும்போது ஒரு முகம் வைத்துக்கொள்வார். அந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

"நேத்து எரிஞ்சுதுங்க."

"சரிம்மா."

"சரின்னா?"

"சரின்னா சரிதான்."

நம்பவில்லை என்பதை இதைவிட மென்மையாக ஒருவர் சொல்ல முடியாது.

இந்தக் குடும்பத்தைத் தொடர்ந்து பார்த்து வருகிறவர்களுக்கு ஆற்றுப் பாலத்துச் சரிவு நினைவிருக்கும். புதிதாக வருகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது, புண்ணைத் துடைத்துக் கட்டுப்போடுவது அவள் வேலை. அந்த வேலைக்கும், பள்ளிவிட்டு வரும் மகளைக் கூட்டி வருவதற்கும் வீட்டில் இருப்பது இந்த ஒரே பழைய கார். மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதில் அவள் குறை வைத்ததில்லை.

ஒரு நாள் அந்தச் சரிவில் எஞ்சின் தானாக நின்றுவிட்டது. ஸ்டியரிங் இறுகிப் போனது. பிரேக் கல்லாகி விட்டது. பின்னால் ஒரு லாரி அலறிக்கொண்டு வந்தது. எப்படியோ ஓரம் கட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால், எதுவுமே நடக்காதது போல வண்டி கிளம்பியது. அந்த மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்தது. மறுநாள் காலையில் அதுவும் இல்லை.

அப்படியே இன்னொரு தடவை. நேற்று மறுபடியும்.

வண்டி நின்றபோது ஒருமுறை போட்டோ கூட எடுத்தாள். அதில் எல்லா விளக்கும் எரிந்தது. "சாவியைத் திருப்பினாலே எல்லா விளக்கும் எரியத்தானே செய்யும்," என்றார் வாத்தியார். ஒர்க்‌ஷாப்பில் கருவி மாட்டிப் பார்த்தார்கள். எதுவும் பதிவாகவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"சாயந்திரம் ஆறு மணிக்கு ஒரு டாக்டர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன்," என்றார் வாத்தியார், கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி.

"என்ன டாக்டர்?"

"தூக்கம் வராதவங்க, மனசு களைச்சுப் போனவங்க எல்லாரும் அவர்கிட்டதான் போறாங்க. நல்ல மனுஷன். சும்மா பேசிட்டு இருப்பார்."

அவளுக்குப் புரிந்தது.

"அதுவரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டுமே. பாப்பா பின்னாடி உக்காந்து வர்றா. அதுக்காகச் சொல்றேன்."

நேற்றிலிருந்து அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் விடுங்க," என்றாள். "ஓடும்போதே வண்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு பாக்கிற ஸ்கேனர் கடையில கிடைக்குதாம். வீட்டுல வெச்சே பாத்துக்கலாமாம். ஒண்ணு வாங்கி மாட்டிப் பாக்கறேன். அதுவும் ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டா, நானே வந்து அந்த டாக்டர் முன்னாடி உக்காந்துக்கறேன்."

"பாப்பா?"

"நீங்க பஸ்ல கூட்டிட்டு வந்துடுங்க. இன்னிக்கு அவ இந்த வண்டியில ஏற வேண்டாம்."

முன் கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த மாமனார் கையை நிறுத்தினார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் எழுந்ததும் வண்டியைத் துடைப்பது அவருடைய வேலை. வீட்டில் எது பழுதானாலும் அவர் கைதான்.

"ஸ்கேனரா? அது எதுக்கும்மா வீணா," என்றார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "நான் பாத்துக்கறேன்."

"நீங்க ஸ்பேனரால பாப்பீங்க மாமா. இது ஸ்பேனருக்குச் சிக்கற வியாதியாத் தெரியலை."

அவர் துணியைப் பிழிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

மதியம் வரைக்கும் இரண்டு நோயாளிகள். இரண்டாவது நோயாளி, முதுகில் புண் வந்த ஒரு பெரியவர், "இன்னிக்கு உன் கை ஜில்லுனு இருக்கே தாயி," என்றார். கை கழுவியதால் என்று பொய் சொன்னாள்.

கடை ஒரு குறுகலான சந்தில் இருந்தது. உள்ளே நுழைந்ததும் ரப்பர் வாடை. சுவர் முழுக்க பெல்ட்டுகள் தொங்கின. கல்லாவில் ஐம்பது வயதுக்கு மேல் மதிக்கத்தக்க ஓர் அம்மாள். வலது கட்டைவிரலில் கறுப்பு டேப்பைச் சுற்றிக்கொண்டு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன வேணும்மா?"

"கார் ஸ்கேனர். அதுக்கு முன்னாடி, அது என்ன கட்டு?"

"தகரம் கீறிடுச்சு. டேப் போட்டுட்டேன்."

"வயருக்குப் போடறதை யாராவது விரலுக்குப் போடுவாங்களா. கையைக் காட்டுங்க."

கல்லாவின் மேலேயே பையைத் திறந்து, டேப்பை மெல்ல உரித்து, கீறலைத் துடைத்து வெள்ளைக் கட்டு போட்டாள். கடைக்காரம்மா விரலைத் தூக்கிப் பார்த்தார்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி பண்ணிட்டியே. சரி வா."

மூன்று கருவிகளை எடுத்து வரிசையாக வைத்தார்.

முதலாவது கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிளக். "இதை மாட்டிட்டு செல்போன்ல பாத்துக்கணும். எஞ்சின் என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லும். அதுவும் நடந்து முடிஞ்சதுக்கு ஒரு நம்பர் கொடுக்கும், அவ்வளவுதான். மத்ததைக் கேட்டா கையை விரிச்சுடும்."

இரண்டாவது கைக்கு அடக்கமாக, சொந்தத் திரையோடு, நீளமான வயரோடு இருந்தது. "இது எஞ்சின், பிரேக், ஏர் பேக் எல்லாத்தையும் ஒவ்வொண்ணாத் தட்டிக் கேக்கும். ஓடும்போதே பதிவு பண்ணியும் வெச்சுக்கும்."

மூன்றாவது ஒரு பெட்டி நிறைய இருந்தது. "இது ஒர்க்‌ஷாப்காரங்களுக்கு. நீ வாங்கினா ஷோகேஸ்லதான் வைக்கணும்."

"எது நல்லது?"

"தலைவலிக்கும் வயித்துவலிக்கும் நீ ஒரே மாத்திரையா கொடுப்பே? வண்டிக்கு என்னன்னு சொல்லு."

அவள் சொன்னாள். பாலம், லாரி, விளக்கு, காலையில் விளக்கு காணாமல் போவது. சொல்லி முடிக்கும் வரை அந்த அம்மாள் குறுக்கே பேசவில்லை. தலையைச் சாய்க்கவில்லை, ஐயோ பாவம் என்று பார்க்கவில்லை. பிறகு இரண்டே கேள்வி கேட்டார்.

"ஓடி நல்லா சூடானப்புறம்தான் நிக்குதா?"

"ஆமா."

"ஆறினப்புறம் தானாக் கிளம்பிடுதா?"

"ஆமாங்க."

"அப்ப உனக்கு நடுவுல இருக்கறதுதான் சரி. நடந்து முடிஞ்சப்புறம் கேட்டா உன் வண்டி வாயைத் திறக்காது. நடக்கறப்பவே பக்கத்துல இருந்து பாக்கணும்."

எத்தனையோ நாளாக அவளை யாரும் ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசியதில்லை. எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஆனால் இப்படிக் கேள்வி கேட்டு, பதிலை அப்படியே எடுத்துக்கொண்டவர் இவர் ஒருவர்தான். அது எவ்வளவு பெரிய உதவி என்று கடைக்காரம்மாவுக்குத் தெரிந்திருக்காது. கடவுள் பல நேரம் இப்படித் தெரியாமல்தான் மனிதர்களைப் பயன்படுத்திக்கொள்கிறார்.

"நான் யாருக்கும் பெட்டியைப் பிரிச்சுக் கொடுக்கிறதில்லை. வா, உன் வண்டியிலேயே மாட்டிப் பாத்துடலாம்."

ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கும் இடத்தில், ஒரு சாக்கெட். அதில் வயரைச் சொருகி சாவியைத் திருப்பினார்கள். திரை விழித்துக்கொண்டது. கோடு ஒன்று இடமிருந்து வலமாக ஊர்ந்தது.

பழுது எதுவும் பதிவாகவில்லை.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய அம்மா கடைசிக் காலத்தில், மாடிப்படியில் யாரோ உட்கார்ந்திருப்பதாகச் சொல்வாள். இவள் போய் விளக்கைப் போட்டு, "பாரும்மா, யாரும் இல்லை," என்று காட்டுவாள். அம்மா வெறும் படியைப் பார்ப்பாள், பிறகு மகளைப் பார்ப்பாள். கோபம் இருக்காது அந்தப் பார்வையில். எதைப் பிடித்துக்கொள்வது என்று தெரியாமல் தண்ணீரில் போகிறவள் கரையில் நிற்கிறவளைப் பார்க்கும் பார்வை. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்பது உள்ளே இருந்து இப்போதுதான் தெரிந்தது.

"அப்ப எனக்குத்தான் ஏதோ," என்றாள் மெதுவாக.

"இரு இரு. அவசரப்படாதே." கடைக்காரம்மா புதுக் கட்டு போட்ட விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் பொத்தான்களை அழுத்தினார். எஞ்சினின் சூடு, பேட்டரி, இன்னும் என்னென்னவோ வரிகள் மேலே ஓடின. ஒரு வரியில் நிறுத்தினார்.

"இதைப் படி."

அவள் படித்தாள். பதிவை அழித்த பிறகு ஓடிய தூரம் என்று இருந்தது. பக்கத்தில் ஓர் எண். மிகச் சின்ன எண்.

"பழுது வந்தா வண்டி எழுதி வெச்சுக்கும். விளக்கையும் போடும். கருவியை மாட்டி அழிச்சா ரெண்டும் போயிடும். ஆனா அழிச்சதுலேருந்து எவ்வளவு தூரம் ஓடியிருக்குன்னு மட்டும் எண்ணிட்டே இருக்கும். இந்த வண்டியில பதிவை அழிச்சு ரொம்ப தூரம் ஆகலையே."

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, அன்றைய தூரத்தை எண்ணும் டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வைப்பது நர்ஸின் வழக்கம். இப்போது அதைப் பார்த்தாள். வீட்டிலிருந்து முதல் நோயாளி, அங்கிருந்து இரண்டாவது நோயாளி, அங்கிருந்து இந்தக் கடை. இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தன.

நேற்று விளக்கு எரிந்தது. அவள் கண்ணால் பார்த்தது நிஜம். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த நிம்மதி முழு மூச்சாக உள்ளே இறங்குவதற்குள் அடுத்த நினைப்பு வந்து நின்றது. வண்டி ராத்திரி முழுக்க வீட்டு வாசலில் நின்றது.

"வீட்டுல யாரும்மா இதையெல்லாம் தொடுவாங்க?" என்று கேட்டார் கடைக்காரம்மா.

"யாரும் இல்லை," என்றாள் நர்ஸ்.

மாமாவிடம் கருவியே கிடையாது. செல்போனில் யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால்கூட வாலுவைத்தான் தேடுவார். ஆனால் காலையில் அவள் வெளியே வந்தபோது, வாத்தியார் ஏற்கெனவே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தார். தனியாக. டாக்டரிடம் சொல்லி வைத்தவரும் அவர்தான். சாவியைக் கேட்டவரும் அவர்தான்.

"பாத்துப் போ," என்றார் கடைக்காரம்மா, ஸ்கேனரைப் பதிவில் வைத்துக் கொடுத்தபடி. "பதிவு ஓடிட்டே இருக்கும். பாலம் வழியாப் போகாதே, சுத்திப் போ. வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு போன் போடு. போடலைன்னா நானே வந்துடுவேன், ஆமா."

அவள் சுற்றிக்கொண்டுதான் போனாள். அன்றைக்குப் பார்த்து வண்டி சமர்த்தாக ஓடியது. ஒரு சிக்னலில் நின்றபோது எஞ்சின் சத்தம் லேசாகத் தாழ்ந்தது. அவள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவா, இப்ப வேண்டாம்," என்றாள். சத்தம் சரியாகிவிட்டது.

எட்டு வருடமாக ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் மனிதரைப் பற்றி என்னவெல்லாம் நினைக்க முடிகிறது என்பதே அவளுக்குப் பயமாக இருந்தது. காய்ச்சல் வந்தால் விடிய விடிய நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் கை. அந்தக் கையா? எதற்காக? வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லவா? வாலுவைத் தன்னிடமிருந்து பிரிக்கவா? ஒவ்வொரு கேள்வியும் அடுத்த கேள்விக்குக் கதவைத் திறந்துவிட்டது. சந்தேகம் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் ஒரு அறையோடு நின்றுவிடுவதில்லை.

கணவரும் வாலுவும் இன்னும் வந்திருக்கவில்லை. வண்டியை வாசலில் விட்டாள். ஸ்கேனரை சாக்கெட்டிலேயே விட்டுவிட்டு, சாவியை உள்ளே ஆணியில் மாட்டினாள். கடைக்காரம்மாவுக்குப் போன் செய்தாள். முகம் கழுவப் போனவள், சமையலறை ஜன்னலில் தற்செயலாக வெளியே பார்த்தாள்.

மாமனார் வந்தார்.

இரண்டு பக்கமும் பார்த்தார். சாவி அவரிடம் இருந்தது. ஆணியில் இருந்து எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. கதவைத் திறந்து, முழங்காலை ஊன்றி, ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்தார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்தார். கட்டைவிரல் அளவு.

குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். சாக்கெட்டில் ஏற்கெனவே வேறொரு வயர் சொருகியிருந்தது.

அவர் நிமிர்ந்தபோது மருமகள் கதவருகே நின்றிருந்தாள்.

"இது யாரோடதும்மா?" என்றார். வேறு என்ன கேட்பதென்று தெரியாமல் கேட்டது போல இருந்தது.

"என்னோடது மாமா. உங்க கையில இருக்கறது?"

அவர் உள்ளங்கையை மூடிக்கொண்டார். பிறகு மெல்லத் திறந்தார்.

"கொல்லைப் பக்கம் வாம்மா," என்றார். "இங்க வேண்டாம்."

நர்ஸ் தன் ஸ்கேனரைப் பிடுங்கி எடுத்துக்கொண்டாள். அவர் போகிற போக்கில் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு முன்னால் நடந்தார். வீட்டின் பின்னால் தகரக் கூரை போட்ட அறை ஒன்று அவருடைய பட்டறை. மேசைமேல் ஒரு பழைய சென்சார், எண்ணெய் படிந்த துணி, பல் துலக்கும் பிரஷ், சுரண்டிச் சுத்தம் செய்த வயர் முனைகள். பக்கத்தில் ஒரு செல்போன். அவர் பயன்படுத்தத் தெரியாது என்று சொல்லும் அதே செல்போன்.

"முதல் நாள் நீ வந்து வண்டி நின்னுடுச்சுன்னு சொன்னப்ப உன் கையைப் பாத்தேன். தண்ணி குடிக்கிற டம்ளர் பல்லுல இடிச்சுது. அன்னிக்கே இதை வாங்கிட்டேன். வாலுதான் போன்ல சேத்துக் கொடுத்தா. சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்."

"அழிச்சது நீங்கதானா மாமா?"

"ஆமா."

"தினமுமா?"

"பதிவு இருந்தா அழிச்சுடுவேன். காலையில, துடைக்கும்போது. இன்னிக்கு நீ ஸ்கேனர் வாங்கப் போறேன்னதும், புதுசா ஏதாவது எழுதியிருக்கான்னு பாக்க இப்பவும் வந்தேன்." அவர் மேசையைப் பார்த்தபடியே பேசினார். "லிஃப்ட் நடுவுல நின்னுட்டா உள்ள இருக்கிறவங்களுக்கு அந்த அலாரம்தாம்மா எமன். அது கத்தக் கத்த இன்னும் பதறுவாங்க. கதவைக் கையால பிளக்கப் பாப்பாங்க. அதனால போனதும் முதல் வேலை, அலாரத்தை நிறுத்துறது. அப்புறம் 'வந்துட்டேன், ஒண்ணும் இல்லை'ன்னு ஒரு குரல் கொடுப்பேன். அதுக்கப்புறம்தான் ஸ்பேனரை எடுக்கிறது. அப்படியே பழகிட்டேன். அந்த விளக்கு எரிஞ்சா நீ பயந்துடுவே. அதை அணைச்சுட்டு, உனக்குத் தெரியாமப் பழுதைக் கண்டுபிடிச்சுடலாம்னு..."

"லிஃப்ட்ல குரல் கொடுத்தீங்க மாமா," என்றாள் அவள். "எனக்குக் கொடுக்கலையே."

அவர் மேசைமேல் கிடந்த துணியை மடித்தார்.

"அந்த விளக்கு எரிஞ்சுதா, இல்லை எனக்குத்தான் அப்படித் தோணுச்சான்னு நான் என்னையே கேட்டுக்கிட்டு இருந்தேன். எங்க அம்மா எப்படிப் போனாங்கன்னு உங்களுக்குத் தெரியும். இன்னிக்கு சாயந்திரம் என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறார் உங்க பிள்ளை."

"டாக்டரா? எதுக்கு?"

"புத்திக்கு."

மாமனார் முகம் வெளுத்தது. "அவன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லியிருக்க மாட்டார்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டார். அந்தக் கைகள் எத்தனையோ பேரை இருட்டுப் பெட்டிக்குள்ளிருந்து வெளியே எடுத்தவை. சொந்த வீட்டுப் பெண்ணை ஒரு பெட்டிக்குள் போட்டு அடைத்துவிட்டோம் என்பதை அவை அப்போதுதான் தெரிந்துகொண்டன. பிறருக்குப் பயம் வேண்டாம் என்று உண்மையை மறைப்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் மறைக்கிற இடத்தில் வேறொரு பயம் வளரும் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அவளுக்கு அவர்மேல் ஒரு கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே பாதி கரைந்தது. அவர் தோள்கள் எவ்வளவு ஒடுங்கிவிட்டன என்று பார்த்தாள்.

"பழுது என்னன்னு தெரிஞ்சுதா மாமா?" என்றாள்.

அந்தக் கேள்வியை அவர் ஊன்றுகோலைப் போலப் பிடித்துக்கொண்டார்.

"எஞ்சின் சுத்துறதை உணர்ற சென்சார்னு நம்பர் காட்டுச்சு. இதோ, பழசு. போன வாரம் புதுசு மாத்திட்டேன். இனிமே நிக்காதுன்னு நிம்மதியா இருந்தேன். நேத்தும் நின்னுடுச்சு. அப்ப சென்சார் இல்லை, அதுக்குப் போற வயர். சூடானா எங்கேயோ விட்டுப் போகுது. அது எங்கேன்னு இந்த பிளக்கு சொல்ல மாட்டேங்குது." அவள் கையிலிருந்த ஸ்கேனரைப் பார்த்தார். "இது ஓடும்போதே காட்டுமா?"

"காட்டும்."

"நல்லதை எடுத்திருக்கே. ஆனா கண்டுபிடிக்கிற வரைக்கும் அந்த வண்டியை யாரும் எடுக்கக் கூடாதும்மா. இப்ப நீ ஓட்டிட்டு வந்து சூடா வேற நிக்குது."

அப்போது வாசல் பக்கமிருந்து வாலுவின் சத்தம் கேட்டது. அதற்கு மேல் வாத்தியாரின் குரல், வீடு முழுக்கக் கேட்கும் வகுப்பறைக் குரல்.

"நாங்க வந்துட்டோம்மா. நீ ரெஸ்ட் எடு. நானும் பாப்பாவும் பாலம் வரைக்கும் ஒரு ரவுண்டு போயிட்டு வர்றோம். நானே ஓட்டிப் பாத்துட்டு வந்து ஒண்ணும் இல்லைன்னு சொல்றேன், சரியா?"

"ஏங்க," என்றாள் அவள். குரல் பட்டறையைத் தாண்டவில்லை.

கார்க் கதவு சாத்தும் சத்தம். இன்னொரு கதவு. எஞ்சின்.

அவள் ஓடினாள். சமையலறை, கூடம், வாசல். தெருக்கோடியில் வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. பின் கண்ணாடியில் வாலுவின் ஒரு கை மட்டும் தெரிந்தது, டாட்டா காட்டிக்கொண்டிருந்தது.

போன் செய்தாள். மணி அடித்தது. எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் போனைத் தொடமாட்டார், ஒழுங்கானவர். மறுபடியும் செய்தாள். அந்த ஒழுங்கைச் சபித்துக்கொண்டு மறுபடியும் செய்தாள். மாமனார் மூச்சு வாங்க வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். கடவுளிடம் கேட்பதற்குக்கூட அவளுக்கு வார்த்தை வரவில்லை. போனையே இரண்டு கையாலும் கூப்பினாற்போலப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அது அடித்தது.

"நின்னுடுச்சும்மா," என்றார் வாத்தியார். அது வகுப்பறைக் குரல் இல்லை. இப்படி ஒரு குரல் அவருக்கு இருப்பதே அவளுக்குத் தெரியாது.

"எங்க?"

"நீ சொன்ன அதே இடம். ஸ்டியரிங் திரும்பலை. எப்படியோ ஓரத்துல கொண்டாந்து முட்டிட்டேன். பாதி வண்டி ரோட்டுலதான் நிக்குது. எல்லா விளக்கும் எரியுதும்மா. உன் போட்டோவுல இருந்த மாதிரியே."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹேண்ட் பிரேக்?"

"போட்டுட்டேன்."

"ரெண்டு பக்க விளக்கும் மின்னட்டும். பாப்பா?"

"பின்னாடி இருக்கா. நான் ஏதோ விளையாடறேன்னு சிரிக்கிறா. பின்னாடி லாரியா வருதும்மா."

"உங்க பக்கக் கதவைத் திறக்காதீங்க. பக்கத்து சீட்டைத் தாண்டி ஓரத்துப் பக்கமா இறங்குங்க. பின் கதவு உள்ளேருந்து திறக்காது, வெளியிலேருந்து நீங்க திறக்கணும். அவளைத் தூக்கிட்டு நடைபாதைக்கு ஏறிடுங்க. வண்டியை விட்டு நல்லாத் தள்ளிப் போங்க. போனை வைக்காதீங்க."

சீட்டில் உடம்பு உரசும் சத்தம். கதவு. காற்று. ஒரு நீண்ட ஹார்ன் நெருங்கி நெருங்கி வந்து, போனையே பிளந்துவிடும் போல அலறி, கடந்து போனது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

"அம்மா," என்றாள் வாலு. "அப்பா என்னை ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறார். அவர் கை நடுங்குது."

"நடுங்கட்டும் கண்ணு. நீ அப்பா கழுத்தைக் கட்டிக்கோ. தள்ளி வந்துட்டீங்களா?"

"தூரமா வந்துட்டோம்."

நர்ஸ் சுவரில் சாய்ந்தாள். மறுமுனையில் போன் கை மாறியது. வாத்தியார் எதுவோ சொல்லப் பார்த்தார், முடியவில்லை, தொண்டையைச் செருமினார்.

"நான் உன்னை..."

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். சாவியைத் தொடாதீங்க. நான் ஸ்கேனரோட வர்றேன். வண்டி இப்ப எழுதி வெச்சிருக்கறதை யாரும் அழிக்கறதுக்கு முன்னாடி படிக்கணும்."

"சரி. ஒண்ணு சொல்லட்டுமா. அப்பாகிட்ட இதைச் சொல்லிடாதே. வயசானவர். பயந்துடுவார்."

நர்ஸ் மாமனாரைப் பார்த்தாள். மாமனார் அவளைப் பார்த்தார்.

"மாமா பக்கத்துலதான் நிக்கிறார்," என்றாள். "எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்கார். இனிமே இந்த வீட்டுல யாரும் யாருக்கும் எதையும் மறைக்க வேண்டாம்ங்க. எனக்குச் சக்தி இல்லை."

மாமனார் கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். அவர் அதைக் காதில் வைக்காமல் முகத்துக்கு நேரே, ஒரு கண்ணாடியைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி," என்றார். "அந்த விளக்கு..."

குரல் அங்கேயே நின்றுவிட்டது.

"எந்த விளக்குப்பா?" என்று கேட்டார் வாத்தியார், பாலத்துக் காற்றுக்கு மேலாக.

மாமனார் மற்றொரு கையால் எதையோ பிடித்துக்கொள்ளத் தேடினார். மருமகள் நகர்ந்து வந்து தன் தோளைக் கொடுத்தாள்.